சந்தனம் என்று எழுதினால் சந்தனமாகிவிடுமா?



தமிழ் முஸ்லிம்களின் இல்லங்களில் சந்தனம் வந்து போகாத நிகழ்ச்சி அரிது. நிக்காஹ் வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் சந்தனக் கிண்ணம் இருக்கும். பெருநாள் காலையில் புத்தாடைக்கு அடுத்து அத்தர்ப் புட்டியைத்தான் தேடுகிறோம். ஜும்ஆவுக்கு வரும் முதியவர்களின் காது மடலில் அத்தர் நனைத்த பஞ்சு ஒளிந்திருக்கும். அவர் ஸஃப்பில் நம் அருகே வந்து நின்றாலே வாசம் முந்திக்கொண்டு ஸலாம் சொல்லும். நாகூர் கந்தூரியில் சந்தனம் பூசும் வைபவத்துக்கெனத் தமிழக அரசே சந்தனக்கட்டைகளை விலையின்றி வழங்கி வருகிறது. அவ்வைபவம் குறித்த கருத்து வேறுபாடுகளுக்குள் நாம் இங்கே நுழையவில்லை. இந்த மரம் நம் மக்களின் வாழ்வோடு எவ்வளவு நெருக்கமானது என்பதற்காகவே குறிப்பிட்டோம்.

நறுமணத்தை நம் மார்க்கம் சிறிய விஷயமாக ஒதுக்கவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தமக்கு அன்பளிப்பாகத் தரப்பட்ட நறுமணத்தை மறுத்ததில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஜும்ஆவுக்குக் குளித்து, இருக்கும் நறுமணத்தைப் பூசிச் செல்வது சிறப்பிக்கப்பட்டிருக்கிறது. மய்யித்தைக் குளிப்பாட்டும்போது இறுதி நீரில் கற்பூரம் சேர்க்கும்படி உம்மு அதிய்யா (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. இஹ்ராம் அணிந்தவருக்கு நறுமணம் விலக்கப்படுகிறது. விலக்கப்படுவதாலேயே அதன் மதிப்பும் விளங்குகிறது. நல்ல நண்பனுக்கு உவமை சொல்ல வந்த நபிகளார் (ஸல்) கஸ்தூரி வைத்திருப்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் நமக்குக் கொஞ்சம் தரலாம். நாம் அவரிடம் வாங்கலாம். இரண்டுமில்லாவிட்டாலும் நல்ல வாசமாவது நம்மை வந்து சேரும் என்பது அதன் கருத்து.

வாசனை விற்பவருக்கு இத்தனை பெரிய இடம் தரப்பட்டிருக்கும்போது, அவர் விற்கும் பொருள் உண்மையாக இருக்கிறதா என்று கேட்கும் கடமை நமக்கு உண்டா? சென்ற ஆண்டு ஒரு தாய் நம்மிடம் கொண்டுவந்த கேள்வியால்தான் நாம் இதைப் பற்றி ஆழமாகச் சிந்திக்கலானோம்.

வளவனூர், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் இருக்கிறது. புதுச்சேரிக்கும் ஆரோவில்லுக்கும் வரும் சுற்றுலாப் பயணிகள் ஊதுவத்தி, சோப்பு, நறுமண மெழுகுவர்த்தி ஆகியவற்றை விரும்பி வாங்குகிறார்கள். அவ்வணிகத்தின் சிறு கிளைகள் சுற்றுவட்டாரத்து வீடுகளின் திண்ணைவரை வந்துவிட்டன. நமது மதரஸாவில் ஓதும் ஒரு மாணவனின் தாய், கணவரை இழந்து இத்தா முடித்தபின் இத்தகைய வேலையொன்றில் சேர்ந்தார். முகவர் ஒருவர் மெழுகும் திரியும் கண்ணாடிக் குவளையும் வாசனை எண்ணெயும் கொண்டுவந்து தருவார். இவர் உருக்கி, ஊற்றி, ஆறவைத்து, முகவர் தரும் சீட்டை ஒட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கித் தர வேண்டும். குவளைக் கணக்கில் கூலி. வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அதுவே ஆதாரம்.

ஒருநாள் அவருடைய மகன் அந்த ஆங்கிலச் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்து, ‘அசல் சந்தன எண்ணெயால் தயாரித்தது’ என்று பொருள் சொல்லியிருக்கிறான். முகவர் தரும் எண்ணெய்க் கேனிலோ ‘சந்தன வாசனைக் கலவை’ என்றுதான் இருந்தது. அந்தத் தாய் மதரஸா விடும் நேரத்தில் வந்து வாசலோரம் நின்று கேட்டார்: “ஹஜ்ரத், நான் மெழுகுதான் ஊற்றுகிறேன். எழுதியது அவர்கள். ஆனால் ஒட்டுவது என் கைதானே? இந்தக் காசு பிள்ளைகளுக்கு ஆகுமா?”

உடனே பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விதான் என்றாலும், பொருளின் தன்மையை அறியாமல் அதன் சட்டத்தைச் சொல்லலாகாது என்பது நம் ஆசிரியர்கள் கற்றுத்தந்த ஒழுங்கு. ஆகவே சந்தன எண்ணெய் என்பது என்ன, அது எப்படிக் கிடைக்கிறது, என்ன விலைக்குப் போகிறது என்பதையெல்லாம் தேடி அறிந்தோம். அறிந்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

சந்தன மரம் தானே தனித்து வளராது. அதன் வேர்கள் அருகிலுள்ள மரஞ்செடிகளின் வேர்களைப் பற்றி நீரையும் சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் சந்தனம் பயிரிடுவோர் கூடவே துவரையையோ சவுக்கையோ வைக்கிறார்கள். மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதியில் வாசம் இல்லை. உள்ளே இருக்கும் வைரம் என்னும் நடுக்கட்டையில்தான் எண்ணெய் சேர்கிறது. அந்த வைரம் பாய்ந்து எண்ணெய் முதிர்வதற்குப் பதினைந்து, இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். வேரில் எண்ணெய் மிகுதி என்பதால் மரத்தை அடியோடு வெட்டாமல் வேரோடு அகழ்ந்தெடுப்பார்கள். ஒருவர் நட்ட மரத்தின் எண்ணெயைப் பெரும்பாலும் அவருடைய மகன்தான் காண்பான்.

கட்டையைச் சீவித் தூளாக்கி, கொப்பரையில் இட்டு, நீராவியை நாள்கணக்கில் செலுத்தி எண்ணெயை வடிக்கிறார்கள். நல்ல வைரத்தில் நூறு கிலோவுக்கு ஆறு கிலோவரை எண்ணெய் கிடைக்கலாம்; பெரும்பாலும் அதைவிடக் குறைவுதான். அந்த எண்ணெயின் உயிர் சாந்தலால் என்னும் பொருள். நல்ல எண்ணெயின் பெரும்பங்கு அதுவாகவே இருக்கும்.

வாசனைக்காரர்கள் இதை இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் அதன் மணம் மட்டுமன்று. அது கனமான எண்ணெய், மெல்ல ஆவியாகும். ரோஜா, மல்லிகை போன்ற பறந்துவிடும் வாசங்களைப் பிடித்து நிறுத்தி வைக்கும். உத்தரப்பிரதேசத்தின் கன்னௌஜ் நகரில் தலைமுறை தலைமுறையாக அத்தர் வடிக்கிறார்கள். தேக் எனப்படும் செப்புக் கொப்பரையில் பூக்களையும் நீரையும் இட்டுச் சூடேற்றுவார்கள். எழும் ஆவி மூங்கில் குழாய் வழியே பப்கா எனப்படும் செப்புப் பாத்திரத்துக்கு வரும். அந்தப் பாத்திரத்தில் முன்கூட்டியே காத்திருப்பது சந்தன எண்ணெய். பூவின் வாசத்தை அது தன்னுள் ஏற்று வைத்துக்கொள்ளும். நாம் ரோஜா அத்தர் என்று பூசியதற்குள்ளும் முற்காலத்தில் சந்தனமே இருந்தது. சந்தன எண்ணெயின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபின் கன்னௌஜிலேயே பலர் பாரஃபின் எண்ணெய்க்கு மாறிவிட்டார்கள்.

இந்த மரத்தின் மேல் அரசர்களின் கண் எப்போதும் இருந்திருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்த பொருள்களில் மேற்கு மலையின் சந்தனத்தையும் அகிலையும் பட்டினப்பாலை கணக்கிடுகிறது. மைசூரில் திப்பு சுல்தான் 1792-இல் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக அறிவித்தார். மைசூர்க் கட்டைகள் பின்னர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறி அங்கே எண்ணெயாயின. முதல் உலகப்போர் அந்த வழியை அடைத்தது. தேங்கிய கட்டைகளை இங்கேயே வடிப்பதற்காக 1916-இல் மைசூரில் அரசுத் தொழிற்சாலை தொடங்கியது. அதன் எண்ணெயிலிருந்துதான் நம் வீடுகளுக்கெல்லாம் அறிமுகமான மைசூர் சந்தன சோப்பு பிறந்தது.

தமிழகத்திலும் ஜவ்வாது மலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, சத்தியமங்கலம் காடுகள் எனச் சந்தனம் செழித்த இடங்கள் பல. இவற்றில் கல்வராயன் மலையின் ஒரு பகுதி 2019 வரை நமது விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆனால் 1899-இல் குடகில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஸ்பைக் என்னும் நோயும், அதைவிடக் கொடிய கள்ளக் கோடரியும் காட்டுச் சந்தனத்தை அழித்தன. 1998-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இம்மரத்தை அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

கள்ளக் கோடரி என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது 2004 அக்டோபரில் சுட்டுக்கொல்லப்பட்ட வீரப்பனின் பெயர்தான். நமக்கு அதைவிட மறக்க முடியாத பெயர் வாச்சாத்தி. தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள அந்தப் பழங்குடிச் சிற்றூரில், 1992 ஜூன் 20 அன்று, கடத்தல் சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வழக்கு முடிய 19 ஆண்டுகள் ஆயின. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதமிருந்த 215 பேரின் தண்டனையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023-இல் உறுதிசெய்தது.

சந்தனத்தால் செல்வம் சேர்த்தவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். அடியும் அவமானமும் மலையடிவாரத்து ஏழைப் பெண்களுக்கு வந்தது. அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்று நாம் வகுப்பில் சொல்லித்தருகிறோம். அந்தப் பெண்களின் நீண்ட காத்திருப்பைப் படித்தபோது அந்தப் பாடத்தின் கனம் நமக்கே புதிதாகப் புரிந்தது. ஒரு பொருளை ஆடம்பரமாக விரும்பும் நாம், அது எந்த வழியாக வந்தது என்று கேட்பதும் பேணுதலின் ஒரு பகுதியே.

இனி விலைக்கு வருவோம். மூத்த மாணவர்களை உட்காரவைத்து இதை ஒரு கணக்குப் பாடமாகவே நடத்தினோம். அசல் சந்தன எண்ணெய் கிலோ ஓர் இலட்ச ரூபாய்க்கு மேல் விற்கிறது. நாம் குறைத்தே மதிப்பிட்டு ஓர் இலட்சம் என்றே வைத்துக்கொண்டோம். அப்படியானால் ஒரு கிராம் 100 ரூபாய். நறுமண மெழுகுவர்த்தியில் மெழுகின் எடையில் ஆறு முதல் பத்து விழுக்காடு வாசனை எண்ணெய் சேர்ப்பது வழக்கம். நூறு கிராம் மெழுகுக்கு ஆறு கிராம் என்றாலும் எண்ணெய்க்கு மட்டும் 600 ரூபாய். அந்தத் தாய் ஊற்றித் தரும் குவளையோ கடையில் 150 ரூபாய்க்கு விற்கிறது. அதற்குள் மெழுகு, குவளை, கூலி, முகவரின் பங்கு, கடைக்காரரின் இலாபம் அத்தனையும் அடங்க வேண்டும். மூன்று மில்லி அத்தர்ப் புட்டியில் ஏறத்தாழ மூன்று கிராம் எண்ணெய் இருக்கும். அசல் என்றால் எண்ணெயின் அடக்கமே 300 ரூபாய்க்கு அருகில் வரும். அதே புட்டி ‘சுத்தமான சந்தனம்’ என்ற பெயரோடு 50 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

கணக்கை முடித்துவிட்டு ஒரு மாணவன் கேட்டான்: “ஹஜ்ரத், அப்படியென்றால் வாங்குகிறவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டுமே?” நல்ல கேள்வி. தெரிந்துகொள்ள முடியும், தெரிந்துகொள்ள நாம் விரும்புவதில்லை என்பதே உண்மை.

இன்னொன்றையும் அறிந்தோம். மெல்ல ஆவியாகும் இயல்பினால், அசல் சந்தன எண்ணெயை மெழுகில் கலந்தாலும் அறை நிறைய வாசம் எழுவது கடினம். தோலில் பூசும்போது பெருமை சேர்க்கும் அதே குணம், விளக்கில் குறையாகிவிடுகிறது. ஆகவே மெழுகுவர்த்திச் சந்தனம் என்பது பெரும்பாலும் சாண்டலோர், ஜவனோல் போன்ற செயற்கை வாசனைப் பொருள்களின் வேலையே. அவற்றைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. சொல்லப்போனால் காட்டு மரங்கள் மேலும் வெட்டப்படாமல் இருக்க அவையும் ஒரு காரணம். செயற்கை வாசம் ஹராம் என்று நாம் சொல்லவரவில்லை. செயற்கையை அசல் என்று எழுதி விற்பதுதான் இங்கே பிரச்சினை.

நபிகளார் (ஸல்) கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்கள் ஈரமாயின. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபிகளார் (ஸல்), மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி. கவனியுங்கள்: நனைந்த தானியத்தை விற்காதே என்று அவர்கள் தடுக்கவில்லை. ஈரத்தை மேலே வை என்றார்கள். நமது மெழுகுவர்த்திக்கும் அத்தருக்கும் இதே அளவுகோல்தான். ‘சந்தன வாசம், செயற்கை’ என்று எழுதினால் ஈரம் மேலே வந்துவிடும்.

நம்மிடம் வாசனைத் திரவியம் பற்றி வரும் கேள்விகளில் பத்தில் ஒன்பது, ‘அதில் அல்கஹால் இருக்கிறதா?’ என்பதாகவே இருக்கிறது. அதில் உலமாக்களிடையே உள்ள கருத்துகளை எடுத்துச் சொல்கிறோம். பேணுதலோடு கேட்பவர்களை மதிக்கிறோம். ஆனால் அல்கஹால் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு மகிழ்ச்சியோடு வாங்கும் அதே புட்டியில் ‘அசல் சந்தனம்’ என்ற பொய் இருக்கிறதா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. முதலில் கேட்டவர் வாடகை கொடுக்கவே திணறும் ஒரு தாய்.

அவருக்கு என்ன பதில் சொன்னோம்? சீட்டு பொய் என்று தெரிந்தபின் அதை ஒட்டுவது ஆகாது என்றோம். அவர் முகவரிடம் போய், எழுத்தை மாற்றித் தருமாறு கேட்டார். முகவர் சிரித்துவிட்டு, “அப்படியானால் ஊற்றி மட்டும் கொடு, ஒட்டுவதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், கூலி கொஞ்சம் குறையும்” என்றிருக்கிறார். மறுபடியும் அந்தத் தாய் வாசலுக்கு வந்தார். ஊற்றலாமா?

நாம் முஃப்தி அல்லோம். எனவே அந்தக் கேள்வியை மூத்த ஆலிம் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். மெழுகு ஊற்றுவது அடிப்படையில் ஆகுமான தொழிலே. ஆனால் இன்ன பொய்க்காகவே செய்யப்படுகிறது என்று உறுதியாகத் தெரியும்போது, பாவத்தில் துணைநிற்கக் கூடாது என்ற இறைக்கட்டளையை நினைவில் கொண்டு, வேறு வழி கிடைக்கும்போது விலகிக்கொள்வதே பேணுதல் என்றார் அவர். பிறகு நம்மை நிமிர்ந்து பார்த்து, “வேறு வழியை அந்தப் பெண்ணே தேடிக்கொள்ள வேண்டுமா, அல்லது ஜமாஅத்துக்கும் அதில் பங்குண்டா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் இக்கட்டுரையை எழுதவைத்தது. வருமானத்தை விட்டுவிடு என்று ஒரு கைம்பெண்ணிடம் சொல்வதற்கு ஒரு நொடி போதும். அந்த நொடிக்குப் பிறகு வரும் மாதங்களை அவர்தான் கடக்க வேண்டும். ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து இரண்டு மாத வாடகை கொடுக்கப்பட்டது. தெருவிலுள்ள பெண்கள் சிலர் சேர்ந்து மெழுகும் குவளையும் வாங்க முதல் போட்டார்கள். இப்போது அவர் சொந்தமாக ஊற்றுகிறார். சீட்டில் தமிழில் ‘சந்தன வாசம் – செயற்கை நறுமணம்’ என்று மகன் எழுதித் தருகிறான். முன்பு வந்ததில் பாதிதான் வருகிறது. கடைக்காரர்கள் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, “இப்படி எழுதினால் யார் வாங்குவார்கள்?” என்கிறார்கள். இந்தக் கதை வெற்றியில் முடிந்துவிட்டதாகச் சொல்ல நமக்கு உரிமையில்லை. மீதிப் பாதிக்கு அவர் தையல் வேலை பார்க்கிறார்.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறையை வெளிப்படுத்தினால் அவ்வணிகத்தில் பரகத் உண்டாகும். மறைத்துப் பொய்யுரைத்தால் பரகத் அழிக்கப்படும் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் வழியாக வரும் நபிமொழியின் கருத்தை நாம் அறிவோம். அதில் வாங்குபவரும் சேர்க்கப்பட்டிருப்பதைச் சிந்திக்க வேண்டும். ஐம்பது ரூபாய்க்கு அசல் சந்தனம் வேண்டும் என்று நாம் விரும்பும்வரை, அப்படி எழுதித் தர ஒருவர் வந்துகொண்டேதான் இருப்பார். அவருக்கு ஒட்டிக்கொடுக்க ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு தாயும் கிடைப்பார்.

ஆகவே நம் குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள்கள். அத்தர் வாங்கும்போது ‘அசலா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எவரும் இல்லை என்று சொல்லமாட்டார். ‘இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது?’ என்று கேளுங்கள். விலையை வைத்துக் கணக்குப் போடுங்கள். பிள்ளைகளையும் போடச் சொல்லுங்கள். செயற்கை என்று நேர்மையாகச் சொல்பவரிடம் முகம் சுளிக்காமல் வாங்குங்கள். பள்ளிவாசல் வாசலில் விற்பவர்கள் உண்மையான பெயரை எழுதிவைக்கும்படி ஜமாஅத்துகள் அன்போடு கேட்டுக்கொள்ளலாம். நிலம் உள்ளவர்கள் சந்தனக் கன்று நடலாம். பட்டா நிலத்தில் வளர்க்க இன்று தடையில்லை. வெட்டுவதற்குத்தான் வனத்துறையின் அனுமதி தேவை. நட்டவரின் காலத்தில் பலன் தராமல் போகலாம். பேரப்பிள்ளைகளுக்கு ஹலாலான ஒரு சொத்து நிற்கும்; பறவைகளுக்கு அதன் பழம் கிடைக்கும்.

நறுமணம் பூசிக்கொண்டு தொழுகைக்கு நிற்பது சுன்னத். அந்த நறுமணத்தின் பெயரும் விலையும் வந்த வழியும் உண்மையாக இருக்கட்டும். நாம் உண்பதையும் உடுப்பதையும் பூசுவதையும் அல்லாஹ் ஹலாலாக்கித் தருவானாக! உண்மைக்காக வருமானத்தை இழந்து நிற்பவர்களுக்கு அவனே சிறந்த பகரத்தை வழங்குவானாக! அவர்களுக்குத் துணைநிற்கும் மனத்தை நம் ஜமாஅத்துகளுக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.